பெரியப்பாவுக்கு அவித்த முட்டை

அந்தக் கடற்கரையில் அவளுக்குப் பெயர் முட்டைக்காரி. கோழி வளர்த்தவளும் இல்லை, முட்டை விற்றவளும் இல்லை. கடலுக்கு அடியில் போய் மீனுக்கு அவித்த முட்டை ஊட்டுகிற பெண்ணை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவளுக்கும் அதில் கோபம் கிடையாது. "அடுப்படியில அவிச்சுக் கொட்டுறவளை யாரு கண்டுக்கிறா? தண்ணிக்குள்ள கொட்டுறதாலதானே என்னைப் பார்க்க ஆள் வருது" என்பாள்.

வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு நீச்சல்கூட அரைகுறைதான். டைவிங் கடையின் பின்பக்கத்தில் காற்றடிக்கிற இயந்திரம் ஒன்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து சிலிண்டர்களை நிரப்புவது அவள் வேலை. கட்டிக்கொண்டவன் கப்பல் வேலைக்குப் போய், போன இடத்தில் இன்னொரு குடும்பத்தையும் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். தாய் தகப்பன் இல்லாத தங்கை ஒருத்தி கையில் இருந்தாள். அழுதுகொண்டிருக்க நேரம் எங்கே? ஒருநாள் விருந்தாளிகளைக் கடலுக்கு அடியில் கூட்டிப் போகிற வழிகாட்டி வராமல் போக, "நீ இறங்குறியாம்மா?" என்று முதலாளி கேட்டார். இறங்கினாள். கீழே அந்த இயந்திரத்தின் சத்தம் இல்லை. இதற்காகவே தினமும் இறங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு தங்கையும் வளர்ந்து அதே வேலைக்கு வந்தாள். வந்தவள் சும்மா இராமல் படகு ஓட்டுகிறவனையே கல்யாணம் செய்துகொண்டாள். மூவரும் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். ஒரே சமையலறை, ஒரே கழிவறை, ஓயாத சண்டை, ஓயாத சிரிப்பு. படகோட்டி அவளை அக்கா என்பான். அவள் அவனை மாப்பிள்ளை என்பாள், அதுவும் ஏதாவது வேலை ஏவும்போது மட்டும்.

கரையிலிருந்து படகில் போனால் பவளப்பாறை ஒன்று வரும். அங்கே களவா மீன்கள் குடியிருந்தன. சந்தையில் கூறு போட்டு விற்கிற களவா இல்லை. ஒவ்வொன்றும் பீரோவைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது ஒன்று, கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு, எதுவுமே பிடிக்காத முகத்தோடு மிதந்து வரும். "அக்கா, நம்ம பெரியப்பாதான்! சொத்துப் பிரிக்கும்போது இப்படித்தானே மூஞ்சியை வச்சிருந்தாரு" என்றாள் தங்கை, படகில் ஏறியதும். அன்றிலிருந்து அது பெரியப்பா ஆகிவிட்டது.

முட்டை கொடுக்கும் யோசனை முட்டைக்காரியுடையதுதான். காலையில் அவித்து, படகில் உட்கார்ந்து உரித்து, வலது விலாப்பக்கம் தொங்குகிற ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவாள். முதலில் பெரியப்பா தள்ளி நின்று பார்த்தார். பிறகு கையிலிருந்து வாங்கினார். கொஞ்ச காலம் போனதும் அவள் கை பைக்குள் போவதற்கு முன்பே வாயைக் கொண்டுவந்து விலாவில் வைத்துவிடுவார். மெத்தென்ற அந்த உதடு விலா எலும்பில் பட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் சிரிப்பு வரும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவளை அப்படி உரிமையோடு தொடுவதற்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. அந்த மீனிடம் அவள் மனதைக் கொடுத்துவிட்டாள். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள், முதலாளியும் புதுப் படகு வாங்கினார்.

அப்புறம் துறைமுக அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி மீன்களுக்கு யாரும் தீனி போடக்கூடாது. நியாயமான உத்தரவுதான், குறை சொல்வதற்கில்லை. முட்டைக்காரி பையைக் கழற்றிவிட்டாள். ஆனால் உத்தரவு வந்தது மனிதர்களுக்கு. மீனுக்கு யார் போய்ச் சொல்வது?

பெரியப்பா வழக்கம்போல் வந்தார், விலாவில் வாயை வைத்தார், காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மறுநாள் சற்று அழுத்தி வைத்தார். அடுத்த வாரம் முட்டினார். வந்த விருந்தாளிகள் கை கொட்டாத குறையாக ரசித்தார்கள். ஒரு பெண் படகில் ஏறியதும், "என்னா பாசம் பாருங்க, கட்டிப் பிடிக்குது" என்று கண்கலங்கினாள். முட்டைக்காரி அன்று இரவு சட்டையைக் கழற்றியபோது விலாவில் கன்றிப்போயிருந்தது. பாசமாம் பாசம்!

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கீழே போகிறவர் ஒவ்வொருவருக்கும் மூச்சுக்குழாய் இரண்டு உண்டு. ஒன்று வாயில் இருக்கும். இன்னொன்று ஸ்பேர். கூட வந்தவருக்குக் காற்றுத் தீர்ந்துபோனால் எடுத்து நீட்டுவதற்காக அது வெளியே தொங்கும். எங்கே தொங்கும்? வலது விலாப்பக்கம். முட்டைப் பை தொங்கிய அதே இடத்தில்.

சாயங்காலம் கடைக்குப் பின்னால் நீலத் தொட்டியில் நல்ல தண்ணீர் பிடித்து, எல்லாச் சாமான்களையும் உப்புப் போக அலசுவது முட்டைக்காரியின் வேலை. வாயில் வைக்கிற மவுத்பீஸில் பல் தடம் இருப்பது சகஜம். பயந்த ஆட்கள் ரப்பரைக் கடித்துத் துப்பிவிடுவார்கள். அன்று அலசும்போது அவள் கட்டைவிரலுக்குச் சொரசொரவென்று ஏதோ பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அரத்தால் ராவியது போல, பொடிப் பொடியான பல் தடங்கள் வரிசை வரிசையாக. திருப்பிப் பார்த்தாள். அது ஸ்பேர். அன்றைக்கு யாருமே அதை வாயில் வைக்கவில்லை.

சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்த ரப்பரைக் கழற்றிப் பழைய துணிகளுக்கு அடியில் செருகினாள். புதிதாக ஒன்றை மாட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏன் விடவில்லை? முன்பொரு தடவை ஒரு விலாங்கு மீன், விருந்தாளி ஒருவரின் விரலைக் கடித்துவிட்டது. முதலாளி அன்று மத்தியானமே ஈட்டிக்காரரை வரவழைத்தார். சாயங்காலம் அந்த விலாங்கு படகின் தரையில் கிடந்தது. இந்தத் தடத்தைப் பற்றி வாயைத் திறந்தால் பெரியப்பாவுக்கும் அதே கதிதான். அவராகவா இதைக் கற்றுக்கொண்டார்? கற்றுக்கொடுத்தவள் இவள். கொஞ்ச நாளில் மறந்துவிடுவார் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். அடுத்த வாரம் இன்னொரு ஸ்பேரில் தடம். அதையும் மாற்றினாள்.

பெரியப்பா மறக்கவில்லை. மாறினார். முன்பெல்லாம் எதிரே, எல்லோரும் பார்க்க, மெதுவாக வருவார். இப்போது கீழேயிருந்து வந்தார். திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் ஓசையில்லாமல் நின்றுகொண்டிருப்பார். அவர் வருவதற்கு முன்னால் பாறையில் மேய்கிற பொடி மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகும். கூட்டம் கலைந்த தெரு மாதிரி இருக்கும். விருந்தாளிகளுக்கு அது தெரியாது, படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரங்களில் தன் மூச்சுச் சத்தமே அவளுக்கு வேறு யாருடையதோ போல் கேட்டது.

தங்கை கேட்டாள். கேட்காமல் இல்லை. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அக்கா, பெரியப்பா ஒரு மாதிரியா இருக்குல்ல? நேத்து என் பின்னாடியே வந்துச்சு" என்றாள்.

"உனக்கு எல்லாமே ஒரு மாதிரியாத்தான் தெரியும். மசக்கையா என்ன?"

"அட போக்கா. நெசமாவே கேக்குறேன். ஏதாச்சும்னா சொல்லு."

"ஒண்ணுமில்லடி. பசியில சுத்துது. சரியாயிடும்."

அவ்வளவுதான் பேச்சு. வெங்காயத்தை உரித்து முடித்தார்கள். அந்த "ஒண்ணுமில்லடி" என்ற வார்த்தையை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு மருகினாள்.

அடுத்த சில நாளில் பல் டாக்டர் ஒருவர் விருந்தாளியாக வந்தார். நல்ல கனமான மனிதர், வாய் ஓயாது. படகில் மாட்டிக்கொள்ளும்போது தங்கையின் ஸ்பேரைக் கையில் எடுத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இதை யாரும்மா கடிச்சது? இது மனுஷப் பல் இல்லையே!"

முட்டைக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின நாள் அலசும்போது தங்கையுடையதை அவள் பார்க்கவே இல்லை. விருந்தாளிகளுடையதை மட்டும்தான் தடவிப் பார்த்திருந்தாள். "பழசுங்க டாக்டர், வெயில்ல ரப்பர் வெடிச்சிருக்கு" என்றாள் சட்டென்று.

"லீவு விட்டு வந்தாலும் தொழில் விடாது போல" என்று படகோட்டி சிரித்தான். டாக்டரும் சிரித்தார். தங்கை மட்டும் அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். அப்போதாவது முட்டைக்காரி நிறுத்தியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவள் வாய் வரைக்கும் வந்து நின்றது. பின்னாலேயே அவளும் குதித்தாள்.

முட்டைக்காரி முன்னால் போனாள், மற்ற விருந்தாளிகள் நடுவில், டாக்டரைக் கூட்டிக்கொண்டு தங்கை கடைசியில். டாக்டர் மேலே பேசியது போலவே கீழே மூச்சையும் வாரி இறைத்தார். பாறையின் விளிம்பில், மூன்று மாடி ஆழத்தில், அவருடைய சிலிண்டர் காலியாகிவிட்டது. கையை ஆட்டினார். பயப்பட ஒன்றுமில்லை, தினமும் பழகிய காரியம். தங்கை விலாப்பக்கம் கையை விட்டு ஸ்பேரை எடுத்து நீட்டினாள்.

கை விலாப்பக்கம் போய் எதையோ எடுத்து நீட்டுகிறது. அதைத்தான் பெரியப்பா இத்தனை நாளாகக் காணாமல் காத்திருந்தார். கீழேயிருந்து வந்தார்.

முட்டைக்காரி திரும்பியபோது அங்கே வெறும் குமிழிகள்தான் தெரிந்தன. வெள்ளைச் சுவர் எழுப்பியது போலக் குமிழிகள். அதற்குள் ஒரு பெரிய வால் இரண்டு தடவை அடித்து மறைந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், குழாய் அறுந்து தங்கையின் சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. தங்கை தன் வாயிலிருந்ததைப் பிடுங்கி டாக்டருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஓரிரண்டு மூச்சுத்தான் மிச்சம். முட்டைக்காரியிடம் ஒரு ஸ்பேர் இருந்தது. அதை அவள் தங்கையைப் பார்த்துத்தான் நீட்டினாள். டாக்டர் பயத்தில் இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, சாகப்போகிறவன் வரிசை பார்ப்பானா? தங்கை அக்காவைப் பார்த்தாள். மேலே கையைக் காட்டினாள். மூச்சை ஊதிக்கொண்டே வெறும் வாயோடு மேலே போய்விட்டாள்.

படகில் படகோட்டியின் மடியில் அவள் கிடந்தாள். மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அக்கா, என்னக்கா ஆச்சு, என்னக்கா ஆச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இவள்தான் படகை ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். நுரையீரல் ஆறிவிடும் என்றார்கள். இடது காது இனிக் கேட்காது என்றார்கள். தண்ணீருக்குள் இனி இறங்கவே கூடாது என்றும் சொன்னார்கள். பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, போகிற போக்கில் முதலாளியிடம், "நான் அன்னைக்கே கேட்டேன் சார். அது பல் தடம்தான். அந்த அம்மாதான் வெயில்ல வெடிச்சதுன்னு சொன்னாங்க" என்றார். கட்டிலில் படுத்திருந்தவளுக்கு அது நல்ல காதில் விழுந்தது.

எல்லோரும் போன பிறகு தங்கை கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

முட்டைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்."

"எப்போலேருந்து?"

"ரொம்ப நாளா. நாலஞ்சு மாத்தியிருக்கேன். சொன்னா அதைக் கொன்னுடுவாங்கன்னு..."

"அதைக் கொன்னுடுவாங்கன்னு" என்று தங்கை மெல்லத் திருப்பிச் சொன்னாள். "நான் உன்கிட்ட கேட்டேன்ல? வெங்காயம் உரிச்சுக்கிட்டு, உன்கிட்ட கேட்டேன்ல?"

தங்கை வலது காதைத் தலையணையில் அழுத்தி, கேட்காத காதை அக்காவின் பக்கம் காட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். முட்டைக்காரி அந்தக் காதுக்கு எத்தனையோ சொன்னாள். மன்னித்துவிடு என்றாள். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றாள்.

ஈட்டிக்காரர் வந்தார். தனியாக ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு, "என்னைக் கண்டா வெளியிலேயே வரமாட்டேங்குது. அந்த அம்மா கூட வந்தாத்தான் ஆகும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி தயங்கித் தயங்கிக் கேட்டார். மறுநாளே ஆட்களைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம், அதற்குள் காரியம் முடிந்தாக வேண்டுமாம். முட்டைக்காரி வாதாடவில்லை. அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள். முட்டை வேகிற சத்தம் அந்த வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பக்கத்து அறையில் படகோட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் விலாப்பக்கம் பையைக் கட்டிக்கொண்டு பாறைமேல் முழங்காலிட்டாள். ஈட்டிக்காரர் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பொடி மீன்கள் காணாமல் போயின. பெரியப்பா வந்தார். பின்னாலிருந்தோ கீழேயிருந்தோ வரவில்லை. பழைய நாட்களைப் போலவே எதிரே, மெதுவாக, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். அவள் முட்டையை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். இன்னொன்றுக்காக வாயை விலாவில் வைத்தார். அந்த மெத்தென்ற உதடு பட்டபோது அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்குள் அழுதாள். தோளுக்கு மேலாக ஈட்டி போயிற்று. செவுளுக்குப் பின்னால் இறங்கியது. அந்தப் பெரிய உடம்பு ஒருமுறை அவள்மேல் சாய்ந்து, உதறி, பக்கவாட்டில் சரிந்தது. ஈட்டிக்காரர் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேலே இழுத்துக்கொண்டு போனார்.

அவள் அங்கேயே முழங்காலிட்டிருந்தாள். அப்போதுதான் வலது விலாவில் மெத்தென்று ஏதோ பட்டது.

குனிந்து பார்த்தாள். வேறொரு களவா. பெரியப்பாவில் பாதி இருக்கும். ஒருநாளும் கிட்டே வராதது. பைக்கு நேராக வாயை வைத்துக் காத்திருந்தது. அதற்குப் பின்னால் பொந்திலிருந்து இன்னொன்று வந்தது. அந்தப் பக்கம் இன்னும் இரண்டு. அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷமாகப் பெரியப்பா ஒருவருக்குத்தான் ஊட்டுகிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். துணிகளுக்கு அடியில் ஒளித்த ரப்பர்களில் எது பெரியப்பா கடித்தது, எது இவை கடித்தது? ஒருவேளை அவர் ஒன்றைக்கூடக் கடிக்காமலும் இருந்திருக்கலாம். இனி யாரைப் போய்க் கேட்பது?

படகின் ஏணியைப் பிடித்து அவள் மேலே ஏறியபோது ஈட்டிக்காரர் படகில் உட்கார்ந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதுப்பா" என்று அவர் சொல்ல, படகோட்டி போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கீழே நடந்ததை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தால் போதும். எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். நாளைக்கு ஆட்கள் வருவார்கள். அந்த மீன்களும் உயிரோடு இருக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குப் பழகிய வேலைதானே.

"முடியல மாப்பிள்ளை" என்றாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"எல்லாத்துக்கும் பழக்கிவிட்டிருக்கேன். அதுங்களும் இங்கதான் வந்து வாய் வைக்குது" என்று விலாவைத் தொட்டுக் காட்டினாள். "முதலாளிகிட்ட சொல்லு. நாளைக்கு யாரையும் கூட்டிட்டு வரவேண்டாம். என்னைக்குமே வேண்டாம். உன் பொண்டாட்டிகிட்டயும் போய்ச் சொல்லு, இந்தத் தடவை அக்கா மறைக்கலைன்னு."

ஈட்டிக்காரர் தலை நிமிர்ந்தார். "எத்தனைம்மா இருக்கு?" என்றார். கேட்டுக்கொண்டே அடுத்த ஈட்டியை எடுத்தார்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பையை அவிழ்த்து, மிச்சமிருந்த முட்டைகளைப் படகின் தரையில் கொட்டினாள். "இனிமே யாரும் சாக வேண்டாம் ஐயா. என்னாலதானே அதுங்க வருது? நான் இனி இறங்கவே மாட்டேன். நான் இல்லாட்டி அதுங்க பாட்டுக்குப் பொந்துக்குள்ள போயிடும்."

படகோட்டி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் மேல வந்துட்டீங்களே அக்கா" என்றான் கடைசியில். "அப்புறம் ஏன் அதுங்க எல்லாம் ஏணிக்குக் கீழ வந்து நிக்குது?"